புதிய நாடகங்களுக்கான விழாவில் ஒரு வாரம்: வாசிப்பு மட்டும் போதுமா?

ஆழ்வாசிப்பு எழுதியது:

தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதாது. ஆனால் யாரும் காது கொடுத்துக் கேட்காத பிரதியை அவசரமாக மேடையேற்றுவதைவிட, நடிகர்கள் கையில் பிரதியோடு பார்வையாளர்கள் முன் ஒழுங்காக நடத்திய ஒரு வாசிப்பு அந்த நாடகத்துக்குச் செய்யும் நன்மை பெரிது. கனெக்டிகட்டில் ஒரு வாரம் வேலை செய்துவிட்டுத் திரும்பிய சூட்டோடு இதை எழுதுகிறேன். இந்த மன்றத்தில் "நாடகம் எழுதிவிட்டேன், அடுத்து என்ன?" என்று கேட்பவர்கள் பலர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாட்டர்ஃபோர்ட் என்ற சிற்றூரில், கடலைப் பார்த்த பழைய பண்ணை வளாகம் ஒன்றில் இருக்கிறது யூஜின் ஓனீல் நாடக மையம். ஜார்ஜ் ஒயிட் 1964இல் தொடங்கியது. அங்கிருந்த மாளிகையைத் தீயணைப்புப் படையினரின் பயிற்சிக்காகக் கொளுத்திவிடுவதாக இருந்தார்களாம். அவர் ஊர் நிர்வாகத்திடம் பேசிக் குத்தகைக்கு எடுத்துக் காப்பாற்றினார். நாடக ஆசிரியர் ஓனீல் சிறுவயதில் கோடைகளைக் கழித்த வீடு பக்கத்து ஊரான நியூ லண்டனில் இருக்கிறது. அதையும் மையமே பராமரிக்கிறது. 1965 முதல் கோடைதோறும் இங்கே தேசிய நாடக ஆசிரியர் மாநாடு நடக்கிறது. மாநாடு என்றவுடன் பந்தலும் பொன்னாடையும் நினைவுக்கு வரவேண்டாம். காலை முதல் இரவு வரை ஒத்திகை, திருத்தம், மீண்டும் ஒத்திகை. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் வருகின்றன. எடுத்துக்கொள்வது பத்துக்கும் குறைவு.

நான் போனது டிராமடர்க் வேலைக்கு. நம் குழுக்களில் இந்தப் பொறுப்பைத் தனியாக ஒருவருக்குக் கொடுக்கும் வழக்கம் அரிது. ஒத்திகை முழுவதும் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரதி என்ன சொல்ல முயல்கிறது, அறையில் என்ன கேட்கிறது, இரண்டுக்கும் எங்கே இடைவெளி விழுகிறது என்று கவனிப்பதுதான் வேலை. கண்டதை ஆசிரியரிடம் கேள்வியாகக் கேட்க வேண்டும். தீர்வு சொல்லக் கூடாது. தீர்வு நாக்கின் நுனியில் வந்து நிற்கும்போது வாயை மூடிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு நாடகத்துக்கும் ஏறக்குறைய நான்கு நாள் ஒத்திகை. பிறகு பொதுமக்கள் முன்னிலையில் இரண்டு வாசிப்புகள். நடிகர்கள் கையில் பிரதியோடுதான் நிற்கிறார்கள். காட்சியமைப்பு என்று பார்த்தால் சில நாற்காலிகள், சில பெட்டிகள். உடையலங்காரம் கிடையாது. வசனத்தை மனப்பாடம் செய்யும் கட்டாயம் யாருக்கும் இல்லாததால், ஆசிரியர் நேற்றிரவு எழுதிய பக்கம் இன்று காலையில் நடிகர் கைக்கு வந்துவிடும். திருத்திய பக்கங்களை நாளுக்கு ஒரு நிறத் தாளில் அச்சிடுகிறார்கள். 41ஆம் பக்கத்துக்குப் பின் புதிதாக ஒரு காட்சி முளைத்தால் அது 41அ, 41ஆ. இந்தச் சின்ன ஒழுங்கு இல்லாவிட்டால் ஒத்திகை அறையில் ஆளுக்கொரு நாடகம் இருக்கும்.

நான் வேலை செய்த நாடகத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் எழுதப் போவதில்லை. அது இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே நடக்கும் வாசிப்புகளுக்குப் பத்திரிகை விமர்சனம் எழுதுவதில்லை என்ற வழக்கம் உண்டு. இத்தனைக்கும் 1968 முதல் நாடக விமர்சகர்களுக்கான பயிற்சியும் அதே வளாகத்தில்தான் நடக்கிறது. அந்த வழக்கத்தை நானும் மதிக்கிறேன். கதையை மட்டும் கோடிட்டுக் காட்டுகிறேன்: தலைமுறைகளாக மீன்பிடிப் படகு வைத்திருந்த குடும்பம், தந்தை இறந்துவிட்டார், படகை விற்பதா வேண்டாமா என்று அக்காளும் தம்பியும்.

இரண்டாம் பாதியில் அக்காளுக்கு நீண்ட பேச்சு ஒன்று இருந்தது. முதல் நாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்தபோது, அந்த நடிகை அதை வாசித்த விதத்தில் அறையே கலங்கிப்போனது. எனக்கும் கண் கலங்கியது. அதுதான் ஆபத்து. கெட்டிக்கார நடிகர் பிரதியின் ஓட்டையைத் தன் குரலால் மூடிவிடுவார். ஆசிரியருக்கு அந்த ஓட்டை தெரியாமலே போகும். ஒத்திகையில் ஒருநாள் அந்தப் பேச்சைத் தம்பியாக நடிப்பவர் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசிக்கட்டும் என்று ஆசிரியரே கேட்டார். வாசித்து முடித்தபோது எல்லோருக்கும் புரிந்தது: அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு செய்தியும் முன்னமே வேறு காட்சிகளில் வந்துவிட்டது. ஆனாலும் அவர் அதை வெட்டவில்லை. நாங்களும் வெட்டச் சொல்லவில்லை. முதல் பொது வாசிப்பில் அந்த இடம் வந்தபோது நான் மேடையைப் பார்க்காமல் பார்வையாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சித்தாளைப் புரட்டினார்கள், சாய்ந்து உட்கார்ந்தார்கள், ஒருவர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். ஆசிரியரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அவர் அந்தப் பேச்சை முழுவதும் எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அக்காள் கேட்பது ஒரே கேள்வி: "டீசல் யார் போட்டது?" படகை விற்க ஒப்புக்கொண்ட தம்பி, விடியற்காலையில் கடலுக்குப் போக ரகசியமாக டாங்கியை நிரப்பி வைத்திருக்கிறான் என்பது அந்தக் கேள்வியில்தான் வெளியே வருகிறது. இரண்டாவது வாசிப்பில் அந்த வரிக்குப் பின் பார்வையாளர்கள் முதலில் அசையவில்லை, பிறகு யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு பரவியது, தம்பி பதில் சொல்லத் தொடங்கியதும் நின்றது. பல பக்கங்களால் முடியாததை மூன்று சொற்கள் செய்தன. இதைக் கண்டுபிடிக்க எந்த அறிவுரையும் உதவியிருக்காது. முன்பின் தெரியாத ஓர் அரங்கு நிறைய மனிதர்கள் தேவைப்பட்டார்கள்; மறுபடி எழுத ஓர் இரவும், எழுதியதைச் சோதிக்க இன்னொரு மாலையும் தேவைப்பட்டன.

அமெரிக்க நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பல முறை இங்கே பிரதி அனுப்பி நிராகரிக்கப்பட்டவர். செயின்ட் பால் நகரில் ஒரு தொண்டு அமைப்பில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1982இல் 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' தேர்வானது. அப்போது மாநாட்டை வழிநடத்திய லாயிட் ரிச்சர்ட்ஸ் அதை யேல் பல்கலைக்கழக அரங்குக்கும், 1984இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கும் கொண்டு போனார். 1983இல் இங்கே வாசிக்கப்பட்ட அவருடைய 'ஃபென்சஸ்' 1987இல் புலிட்சர் பரிசு பெற்றது. இந்த வரலாறு எனக்கு முக்கியம். கதவு ஒருமுறை மூடியதும் அவர் போய்விடவில்லை. அவர்களும் கதவை நிரந்தரமாகத் தாழிடவில்லை.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். குறிப்பாக மாற்றுக் கருத்து உள்ளவர்கள்.


குரலோன் எழுதியது:

தோழி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் நியூயார்க்கில் நடிகன். மாற்றுக் கருத்து கேட்டீர்கள், சொல்கிறேன்.

நீங்கள் போன இடம் வேறு. அங்கே ஒரு வாரம் முழுவதும் ஆசிரியருக்காக ஒதுக்கப்படுகிறது. எங்கள் பக்கத்தில் 29 மணி நேர வாசிப்பு என்று ஒன்று உண்டு. நடிகர் சங்கத்தின் விதிப்படி ஒத்திகை, வாசிப்பு எல்லாம் சேர்த்து 29 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், பிரதி கையில் இருக்க வேண்டும். நடிகர்களைச் சுரண்டாமல் இருக்கத்தான் இந்த வரம்பு. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? முழுத் தயாரிப்புக்குப் பணம் போட மனமில்லாத அரங்குகள் வாசிப்போடு நிறுத்திக்கொள்கின்றன. "புதிய எழுத்தை ஆதரிக்கிறோம்" என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்ந்துவிடுகிறது. ஒரே நாடகத்தை நான் நான்கைந்து நகரங்களில் வாசித்திருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது இன்றுவரை மேடையேறவில்லை. எழுதியவர் இப்போது தொலைக்காட்சித் தொடருக்கு எழுதப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாடகை கொடுக்க வேண்டுமே.

இன்னொன்று, வாசிப்புக்குப் பிறகு நடத்தும் உரையாடல். பெயர் சொல்ல விரும்பாத ஓர் அரங்கில் நடந்தது. இளம் பெண் எழுதிய நாடகம், கடைசிக் காட்சியில் மகள் தாயை மன்னிப்பதில்லை. உரையாடலில் எழுந்த முதல் ஆள், மகள் மன்னித்திருந்தால் மனசுக்கு நிறைவாக இருந்திருக்கும் என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அரங்கத்தின் நிர்வாகி தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். அடுத்த வாசிப்பில் மகள் மன்னித்தாள். மகள் அந்த வசனத்தைச் சொல்லக் கேட்கும் தந்தையாக நடித்தது நான்தான். எனக்கு ஆறவே இல்லை. நாடகத்தின் முதுகெலும்பை முன்வரிசையில் இருந்த ஒருவர் உருவிக்கொண்டு போனார்.

ஆசிரியருக்குக் கேள்வி மட்டும் வேண்டும் என்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு எத்தனை இடங்களில் இருக்கிறது?


இணுவிலாள் எழுதியது:

நான் ரொறன்ரோவில் காட்சி வடிவமைப்புச் செய்பவள். இருவரும் பேசாத ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓனீலில் வடிவமைப்பாளர்களும் உண்டு என்பதை ஆழ்வாசிப்பு எழுத மறந்துவிட்டார் போலும். அங்கே அவர்கள் எதையும் கட்டுவதில்லை. ஆசிரியரோடும் நெறியாளரோடும் உட்கார்ந்து, பணமும் இடமும் தடையில்லை என்றால் இந்த நாடகம் எப்படி இருக்கும் என்று படங்களோடும் வரைவுகளோடும் பேசுகிறார்கள். கனவு வடிவமைப்பு என்று அதற்குப் பெயர். அது மிக நல்ல வழக்கம். தான் எழுதியது ஒரு சமையலறை நாடகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அது உண்மையில் ஒரு சன்னலைப் பற்றிய நாடகம் என்று அந்தப் பேச்சில் விளங்கக்கூடும்.

ஆனால் என் மனக்குறை இதுதான். கையில் பிரதியோடு வாசிக்கும் முறை, பேச்சால் ஆன நாடகத்துக்குச் சாதகமானது. உடலாலும் அசைவாலும், கூட்டாக இயங்கும் கோரஸாலும் ஆன நாடகம் அங்கே தோற்றுவிடும். யாழ்ப்பாணத்தில் 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை எண்ணிப் பாருங்கள். அதன் உயிர் கூட்டமாக அசையும் உடல்களில் இருந்தது. அதை ஆறு பேர் கதிரையில் இருந்து வாசித்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு தேர்வுக் குழுவின் மேசையில் அது எந்த இடத்தைப் பிடித்திருக்கும்? இந்த விழாக்கள் தமக்குப் பிடித்த வகை நாடகத்தையே மேலும் மேலும் உற்பத்தி செய்கின்றனவோ என்ற பயம் எனக்கு உண்டு. ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் வாசிப்பில் நன்றாகக் கேட்கும்படி எழுதப் பழகிவிட்டால், பிறகு மேடைக்கு என்ன வேலை?


ஆழ்வாசிப்பு எழுதியது:

இணுவிலாள் அக்கா, கனவு வடிவமைப்பைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. அதைத் தனியாக எழுதலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். எங்கள் நாடகத்தில் ஒளி வடிவமைப்பாளர் கேட்ட கேள்வி, "விளக்கு எங்கே இருந்து வருகிறது, கரையிலிருந்தா, படகிலிருந்தா?" என்பது. ஆசிரியர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. மறுநாள் வந்த பக்கங்களில் முதல் காட்சி கரையிலிருந்து படகுக்குள் மாறியிருந்தது.

அசைவைப் பற்றிய உங்கள் கவலை முழுக்க நியாயமானது. அந்த வாரத்தில் எங்களையும் அதுதான் வாட்டியது. பிரதியில் ஓர் இடத்தில் இருவரும் பேசாமல் வலையைப் பிரித்துச் சீர்செய்கிறார்கள். அரைப் பக்கத்துக்கு மேடைக்குறிப்பு. அதை ஒருவர் உரக்க வாசித்தபோது செத்துப்போனது; வேலை நடக்கவில்லை, வேலையைப் பற்றிய அறிவிப்புதான் நடந்தது. இயக்குநர் ஒரு வழி கண்டார். மேடைக்குறிப்பிலிருந்து முதல் வரியை மட்டும் வாசிப்பது: "இருவரும் வலையை எடுக்கிறார்கள்." அதன்பின் அந்த வேலைக்கு உண்மையில் ஆகும் நேரம் முழுவதும் மௌனம். நடிகர்கள் பிரதியை மடியில் வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடை மேலாளர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்கிட்டார். வலை இல்லை, படகு இல்லை. ஆனால் நேரம் இருந்தது. அந்த மௌனம் எவ்வளவு நீளம் தாங்கும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது. கோரஸ் நாடகத்துக்கு இது போதாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வாசிப்பு அறை வேண்டாம். தரையில் பாய் விரித்த பெரிய கூடமும் இரண்டு மடங்கு நாட்களும் வேண்டும். அப்படிக் கொடுக்கும் விழாக்கள் மிகக் குறைவு, கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

குரலோன், மன்னிக்காத மகளை மன்னிக்க வைத்த கதையைப் படித்து எனக்கும் மனம் கொதித்தது. பார்வையாளர் தன் உணர்வைச் சொல்வது வேறு, நாடகத்தைத் திருத்தி எழுதுவது வேறு. இதற்கு ஒரு முறை இருக்கிறது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியது. முதலில், எது மனத்தில் நின்றது, எது வியப்பூட்டியது என்பதைப் பார்வையாளர்கள் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தனக்குச் சந்தேகம் உள்ள இடங்களைப் பற்றிக் கேட்பார். அவர் கேட்டதற்கு மட்டும் பதில். பிறகு பார்வையாளர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. "மகள் ஏன் மன்னிக்கவில்லை?" என்பதிலேயே மன்னித்திருக்க வேண்டும் என்ற தொனி இருக்கிறது. "கடைசிக் காட்சியில் மகளுக்கு என்ன வேண்டும்?" என்பது கேள்வி. இறுதியாகத்தான் கருத்து, அதுவும் "இதைப் பற்றி எனக்கொரு கருத்து உண்டு, கேட்க விருப்பமா?" என்று அனுமதி பெற்று. வேண்டாம் என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு. உங்கள் அரங்கில் அந்த இளம்பெண்ணுக்கு அந்த உரிமை இருந்திருந்தால் நாடகம் பிழைத்திருக்கும்.

வாசிப்போடு நின்றுவிடும் நோயைப் பற்றி: லூயிவில் நகரின் ஆக்டர்ஸ் தியேட்டர் 1976இல் தொடங்கிய ஹியூமானா விழாதான் அதற்குச் சரியான மருந்தாக இருந்தது. அங்கே வாசிப்போடு நிற்கவில்லை. புதிய நாடகங்களை முழுத் தயாரிப்பாக மேடையேற்றினார்கள். பெத் ஹென்லியின் 'கிரைம்ஸ் ஆஃப் தி ஹார்ட்' அங்கிருந்து புறப்பட்டு 1981இல் புலிட்சர் பெற்றது. 2020இல் பெருந்தொற்று அந்த விழாவைப் பாதியில் நிறுத்தியது; பழைய வடிவில் அது திரும்பவே இல்லை. அமெரிக்கப் புதிய நாடகத்துக்கு அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

மற்றொரு வழி, 1998இல் தொடங்கிய தேசியப் புதிய நாடக வலையமைப்பு செய்வது. எல்லா அரங்குகளுக்கும் "உலகின் முதல் அரங்கேற்றம்" என்ற பெயர் வேண்டும். இரண்டாவதாகப் போட யாருக்கும் ஆசையில்லை. அதனால் பல நாடகங்கள் ஒரு தயாரிப்போடு இறந்துவிடுகின்றன. இவர்கள் அந்தப் பெயரையே பங்குபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். குறைந்தது மூன்று அரங்குகள் ஏறக்குறைய ஓராண்டுக்குள் ஒரே நாடகத்தைத் தனித்தனி இயக்குநர், தனித்தனி நடிகர்களோடு போடும். எல்லாமே முதல் அரங்கேற்றமாகக் கணக்கு. ஆசிரியர் ஊர் ஊராகப் போய்த் திருத்திக்கொண்டே வருவார். வாசிப்பில் தெரியாத ஓட்டைகள் அங்கே தெரியும்.


மணிமுத்தாறு எழுதியது:

நான் பத்தாண்டுகளுக்கு மேல் மேடை மேலாளராக இருந்து, குழந்தை பிறந்ததும் விலகியவள். நாடகத்தைப் பற்றி நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். ஒரு வாரம் வீட்டை விட்டுப் போக யாரால் முடிகிறது என்பதையும் பேசுங்கள்.

இந்த வேலைக்கு அழைப்பு பெரும்பாலும் தாமதமாக வரும். பேசும் தொகை விமான டிக்கெட்டுக்கும் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குமே சரியாகிவிடும். கணவன் வேலைக்குப் போனால், அம்மா ஊரில் இருந்தால், அந்த ஒரு வாரம் எங்கிருந்து வரும்? எனக்கு இரண்டு முறை நல்ல அழைப்புகள் வந்து விட்டுவிட நேர்ந்தது. ஆகவே விழாக்களில் யாருடைய நாடகம் வளர்கிறது என்று கேட்கும்போது, யாரால் ஒரு வாரம் வர முடிந்தது என்றும் கேட்க வேண்டும். குழந்தையோடு வரலாம், தங்குமிடம் உண்டு என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதும் அமைப்புகளை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஒத்திகை நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆசிரியரின் ஆர்வத்தில் இடைவேளை மறந்துபோகும். அமெரிக்க நடிகர் சங்க விதி மிகத் தெளிவு: 55 நிமிட வேலைக்குப் பின் 5 நிமிடம், அல்லது 80 நிமிடத்துக்குப் பின் 10 நிமிடம். மேடை மேலாளர் "பத்து நிமிடம்" என்று அறிவித்தால், கேட்டவர்கள் "நன்றி, பத்து" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு அதுதான் சான்று. புதிய பிரதியோடு போராடும் அறையில் இந்த ஒழுங்கு கருணையின் வேறு பெயர். களைத்த நடிகரின் வாயில் நல்ல வசனமும் மோசமாகக் கேட்கும். பாவம், ஆசிரியர் அதை வெட்டிவிடுவார்.


ஆழ்வாசிப்பு எழுதியது:

மணிமுத்தாறு, கடைசி வரியை எங்கள் ஒத்திகை அறைச் சுவரில் எழுதி ஒட்டலாம். நான் போக முடிந்ததும் என் மாமியார் வந்து தங்கியதால்தான். விழா ஊதியத்தைக் கேட்டு அவரே அதிர்ந்துபோனார். குழந்தை பராமரிப்புச் செலவை நிதிநிலைத் திட்டத்தில் விளக்குக்கும் அச்சுக்கும் அடுத்த வரியாகச் சேர்க்க வேண்டும் என்று நான் வேலை செய்யும் அரங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே சொல்கிறேன்.


வில்லியனூரான் எழுதியது:

ஆழ்வாசிப்பு அக்கா, குரலோன் அண்ணன், அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் நாடகம் படிக்கும் மாணவன் நான். எங்களில் நான்கு பேர் சேர்ந்து நண்பன் எழுதிய நாடகத்தைப் பழைய பிரெஞ்சு வீடொன்றின் முற்றத்தில் வாசிக்கலாம் என்று இருக்கிறோம். பணம் கிடையாது. ஒளி கிடையாது. எங்கள் வழக்கத்தில் எழுதுபவனே இயக்குவான், பெரும்பாலும் அவனே நடிக்கவும் செய்வான். இந்த முறையில் அவனை எங்கே உட்கார வைப்பது? மேடைக்குறிப்பை யார் வாசிப்பது? முடிந்ததும் வந்தவர்களைப் பேச விடுவதா? எங்கள் ஊரில் பேச விட்டால் நாடகத்தைவிட நீளமாகப் பேசுவார்கள் அக்கா.


குரலோன் எழுதியது:

தம்பி, நடிகனாக ஒன்று சொல்கிறேன். அதிகம் நடிக்காதீர்கள். ஆழ்வாசிப்பு முதலில் எழுதியதைத் திரும்பப் படியுங்கள்: நல்ல நடிப்பு பிரதியின் குறையை மறைக்கும். எதிரில் இருப்பவரிடம் பேசுங்கள், காற்புள்ளிக்கு மூச்சு விடுங்கள், வசனம் எங்கே இடறுகிறதோ அங்கே இடறுங்கள். அதை மழுப்பாதீர்கள். வாய்க்கு வராத வரியைச் சமாளித்துச் சொல்லிவிட்டால் உங்கள் நண்பர் அதை அப்படியே வைத்துக்கொள்வார்; நாளை மேடையில் யாரோ ஒருவர் அதோடு அவதிப்படுவார்.

வாசிப்போடு நிறுத்தாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வாசிக்கும் நாளிலேயே மேடையேற்றும் மாதத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம் இல்லை என்றால் அதே முற்றத்திலேயே போடுங்கள்.


ஆழ்வாசிப்பு எழுதியது:

வில்லியனூரான், முற்றம் நல்ல இடம். வாட்டர்ஃபோர்டிலும் மரத்தடியில் திறந்தவெளி அரங்கு ஒன்று உண்டு. காக்கைச் சத்தமும் வண்டிச் சத்தமும் வரும்தான். சத்தத்தை மீறிக் கேட்கிற வசனம் எது என்று தெரிந்துகொள்ள அதுவும் உதவும்.

எழுதியவர் நடிக்கவே கூடாது. வாசிக்கவும் கூடாது. பார்வையாளர்களின் முகம் தெரியும் இடத்தில், சுவரோரமாக, ஒரு பக்கவாட்டில் உட்கார வையுங்கள். அவர் கையில் பிரதி வேண்டாம். வெற்றுத்தாளும் பென்சிலும் போதும். பிரதி இருந்தால் கண் அதிலேயே இருக்கும், கேட்க மாட்டார். இயக்குவதையும் இந்த ஒரு முறை வேறொருவர் செய்யட்டும். தன் வரியைத் தானே விளக்கிக்கொண்டிருந்தால் அந்த வரி தானாக நிற்கிறதா என்று அவருக்கு எப்போதும் தெரியாது.

மேடைக்குறிப்பைப் பாத்திரம் எதுவும் ஏற்காத ஒருவர் வாசிக்கட்டும். எல்லாவற்றையும் வாசிக்க வேண்டாம். "அவன் கோபமாக" என்பது போன்றவற்றை முன்கூட்டியே அடித்துவிடுங்கள். கதவு திறப்பது, ஒருவர் வருவது, பொருள் கைமாறுவது, இவை இல்லாவிட்டால் கதை புரியாது என்பவற்றை மட்டும் வையுங்கள். எதை அடிப்பது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும்போதே பாதி வேலை நடந்துவிடும்.

வந்தவர்களைப் பேச விடுங்கள், ஆனால் உங்களில் ஒருவர் நடுவராக நின்று ஒரே கேள்வியோடு தொடங்குங்கள்: "எந்த இடத்தில் அடுத்து என்ன என்று அறிய ஆசைப்பட்டீர்கள், எந்த இடத்தில் அந்த ஆசை போய்விட்டது?" யாராவது "நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்" என்று தொடங்கினால் நன்றி சொல்லி அடுத்தவரிடம் போங்கள், அவர் பேராசிரியராகவே இருந்தாலும். ஆசிரியர் அன்று பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுதிக்கொண்டால் போதும்.

இரண்டு வாசிப்பு வையுங்கள். இது மிக முக்கியம். ஒரே வாரத்துக்குள், வேறு பார்வையாளர்களோடு. இடையில் அவருக்கு இரண்டு நாளாவது கொடுங்கள். அந்த நாட்களில் யாரும் அவரை அழைத்து யோசனை சொல்ல வேண்டாம். திருத்திய பக்கங்களை வேறு நிறத் தாளில் எடுங்கள், புதுச்சேரியில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கும். பக்க எண்களை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.